ஊதினால் போகிற ரோஸ்

கருவேலம்பாளையத்துப் பாலத்தின் மேல் காலையில் நின்று ஆற்றை எட்டிப் பார்த்தால், அந்த வாரம் வெளிநாட்டுக்காரன் என்ன நிறத்தில் பனியன் போடப்போகிறான் என்று சொல்லிவிடலாம். ஊதா ஓடினால் ஊதா, பச்சை ஓடினால் பச்சை, இரண்டு சாயப்பட்டறைக்காரர்கள் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் இன்னும் யாரும் பெயர் வைக்காத ஒரு நிறம். அந்த ஊரில் கொக்கு வெள்ளையாக இருந்து பார்த்தவர்கள் இல்லை, வேட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் சமுதாயக் கல்லூரியின் ஆய்வகத்தில், ஒரு கூம்புக் குடுவைக்குள், லேசான ரோஸ் நிறம் வந்து உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்று சொன்னபோது, நிறத்துக்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. நிறம் தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள்.

கல்லூரி என்றதும் மரமும் மைதானமும் நினைத்துக்கொள்ளக் கூடாது. நொடித்துப்போன பனியன் கம்பெனி ஒன்றின் மாடி குடோன் அது. சுவரெல்லாம் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும், மின்விசிறி போட்டால் பாடம் நடத்துகிறவளின் தலையில் வந்து இறங்கும். பத்தாவதோடு நின்றுபோனவர்கள், கல்யாணத்துக்காக நிறுத்தப்பட்டவர்கள், கட்டிங் மிஷினுக்கு விரலைக் கொடுத்துவிட்டு வேறு வேலை தேடுகிறவர்கள், இப்படிப்பட்டவர்களைச் சேர்த்து ஒரே வருஷத்தில் சாயப்பட்டறை ஆய்வக உதவியாளர் ஆக்கி அனுப்புவது அங்கே நடந்த படிப்பு. அவர்களுக்கு அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் செல்வநாயகி. வேலை நிரந்தரம் இல்லை, விசிறியும் நிரந்தரம் இல்லை, ஆனாலும் அவள் சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டால் மாடியில் ஊசி விழுந்தால் கேட்கும்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. குடுவையில் வினிகரை அளந்து விட்டு, பினாப்தலீன் என்கிற மருந்தில் இரண்டு சொட்டு சேர்ப்பார்கள். அதுவரைக்கும் பச்சைத்தண்ணி மாதிரி இருக்கும். மேலே பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் ரோஸ் நிறம் வரும். எவ்வளவு காரம் இறங்கியது என்று பார்த்து எழுத வேண்டும், மறுபடி செய்து அதே அளவு வர வேண்டும். அந்த ஆய்வகத்துப் பியூரெட்டுகளோ ஒழுகுகிறவை, கோடு அழிந்தவை, குடோன் காலத்துப் பஞ்சு அடைத்தவை. அதனால் பரீட்சைக்கு முந்தின நாள் செல்வநாயகி கரும்பலகையின் மூலையில் ஓர் எண்ணை எழுதி, எல்லோரும் பார்த்தாயிற்றா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அழித்துவிடுவாள். அதற்கு வேல்யூ என்று பெயர். மாணவர்கள் முதலில் வேல்யூவை எழுதிவிட்டு அப்புறம் பியூரெட்டைத் திறப்பார்கள், கோயம்புத்தூரிலிருந்து வருகிற பரீட்சைக்காரர் இளநீர் குடித்துக்கொண்டே டிக் அடிப்பார். யாருக்கும் இதில் மனஸ்தாபம் இருந்ததில்லை.

அந்த வருஷம்தான் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் நெஞ்சு கைவிட ஆரம்பித்தது. சாயப்பட்டறையில் பிளீச்சிங் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று நின்று, அந்தக் குளோரின் காற்றை உள்ளே இழுத்து இழுத்து, ஐம்பது வயது ஆவதற்குள் நுரையீரல் இரண்டும் காய்ந்த தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டன. வீட்டில் ஒரு மிஷின் வந்து உட்கார்ந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மெல்லிய குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்புகிற மிஷின். அது உறுமுகிற சத்தம் இருந்தால் வீடு, நின்றால் செல்வநாயகிக்குக் கைகால் ஓடாது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பரவாயில்லை என்றார், இன்னொருத்தர் பார்க்கலாம் என்றார், மூன்றாமவர் நெஞ்சைக் கீறி ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம், ஆனால் எதையும் சொல்வதற்கில்லை என்றார். ஒருத்தராவது உள்ளதைச் சொன்னால் காலில் விழுந்து கும்பிடலாம் என்று அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பார்த்தாள்: நர்ஸ் பெண் நாச்சிமுத்துவின் விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை மாட்டவே இல்லை, சார்ட்டில் மேல் வரியில் எழுதியிருந்த எண்ணையே பார்த்து மறுபடி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். திட்ட எழுந்த செல்வநாயகி மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அது அவள் கரும்பலகையின் மூலையில் எழுதுகிற வேல்யூதான்.

மறுநாள் வகுப்பில் சாக்பீஸை எடுக்காமல் நின்றாள். "இனிமேல் இந்த ரூம்ல பொய்க்கணக்கு கிடையாது. வந்ததை எழுதுங்க. வரலைன்னா வரலைன்னு எழுதுங்க. சாகறவரைக்கும் நான் யாருக்கும் வேல்யூ சொல்ல மாட்டேன்" என்றாள்.

"அப்படிப் பாத்தா நாங்க ஒருத்தரும் பாஸாக மாட்டமுங்களே டீச்சர்" என்றான் சின்னுச்சாமி. வலது கையில் இரண்டு விரல் இல்லாதவன், பின் பெஞ்சு, வாய் மட்டும் முழுசாக இருக்கும்.

"ஆகாட்டிப் போங்க."

அன்றைக்குத்தான் பழனாத்தாள் நிறத்தைப் பிடித்தாள். நாற்பது வயது, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். ஒரு தையல் விட்டிருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற கண். அவள் பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாயால் வினிகரை உறிஞ்சி, மேல் வாயை ஆள்காட்டி விரலால் அடைத்து, சொட்டு சிந்தாமல் குடுவைக்குக் கொண்டுவந்தாள். மற்றவர்கள் கட்டைவிரலை வைத்துத் திட்டு வாங்குவார்கள், அவள் ஒருநாளும் வாங்கியதில்லை. ஒவ்வொரு தடவையும் காரம் ஒரு சொட்டு அதிகமாகிக் குடுவை குங்குமத் தண்ணியாகும், கொட்டிவிட்டு மறுபடி பிடிப்பாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள், வந்தார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்கள், அவள் நிமிரவில்லை. கடைசியில் சொட்டாகக்கூட விழவிடாமல் பியூரெட் நுனியில் பாதியாகத் தொங்கியதைக் குடுவையின் உள்பக்கக் கண்ணாடியில் தொட்டு எடுத்தாள். குடுவைக்குள் கைக்குழந்தையின் உள்ளங்கால் நிறத்தில் ஒரு ரோஸ் வந்து நின்றது. அந்த மாடியில் யாரும் பொய் சொல்லாமல் பிடித்த முதல் அளவு அதுதான், செல்வநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எழுதிக்க பழனாத்தா. ஒரு நிமிஷத்துல போயிரும். காத்துல இருக்கற கரியமில வாயு தண்ணில கரைஞ்சா லேசான அமிலம், அது இந்த நிறத்தைத் தின்னுரும்."

போகவில்லை. மறுநாளும் போகவில்லை, அதற்கு மறுநாளும் அப்படியே இருந்தது. சரி, இதையே பாடமாக்குவோம் என்று செல்வநாயகி ஜூஸ் கடையிலிருந்து ஸ்ட்ரா வாங்கிவந்து, "நம்ம மூச்சுல கரியமில வாயு ஜாஸ்தி. இதுக்குள்ள ஊதுங்க, நிறம் போகும். ஊதணும், உறிஞ்சக் கூடாது. உள்ள இருக்கறது காரம், ஞாபகம் இருக்கட்டும்" என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சின்னுச்சாமி ஊதினான், போனது. வாயை எடுத்து இடத்துக்குத் திரும்புவதற்குள் மறுபடி வந்தது. பழனாத்தாள் ஊதினாள், போனது, வந்தது. எல்லோரும் ஊதி முடித்ததும், வேடிக்கை பார்க்க வந்த வாட்ச்மேன் ஆறுச்சாமியும் நானும் ஊதறனுங்க என்று கன்னம் நோக ஊதினார், போகவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ குடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார்.

அப்புறம் மாவு மில்காரரின் மாமியார் ஊதினார், போகவில்லை, அவரும் போய்ச் சேர்ந்தார். கட்டுமஸ்தான ஒரு ஆட்டோக்காரன் பந்தயத்துக்கு ஊதினான், போகவில்லை. குடுவைதான் கெட்டுப்போச்சு என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது பைபாஸில் லாரிக்காரன் அவனை முடித்துவிட்டான். அதோடு ஊருக்கு விளங்கிவிட்டது. மூச்சு மிச்சம் இருக்கிறவர் ஊதினால் ரோஸ் போகும், மிச்சம் இல்லாதவர் ஊதினால் நிற்கும், நின்றவர் அடுத்த அமாவாசையைத் தாண்ட மாட்டார். இது எப்படி என்று செல்வநாயகியிடம் யாரும் கேட்கவில்லை. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும் என்றுதான் கேட்டார்கள்.

வகுப்பு காலையில், ஊதல் மத்தியானம் என்று ஆயிற்று. மாடிப்படியில் வரிசை நின்றது, வரிசைக்குக் கயிறு கட்டினார்கள், கயிற்றோரம் வெள்ளரிக்காய்க்காரி வந்தாள். தரகர்கள் ஜாதகத்தோடு இரண்டு வீட்டாரையும் ஊதக் கூட்டிவந்தார்கள். ஊர் டாக்டர் தனக்குச் சந்தேகம் வருகிறவர்களை, எதுக்கும் மாடில ஒருதடவை ஊதிட்டு வந்துருங்களேன் என்று அனுப்பிவைத்தார். சாயப்பட்டறை முதலாளி ஒருவர் இனி ஊதிக் காட்டினால்தான் வேலை என்று கேட்டில் எழுதி ஒட்டினார். அதைக் கேட்டு செல்வநாயகி அவர் ஆபீசுக்கே போய்க் கத்திவிட்டு வந்தாள், அவர் மோர் கொடுத்து அனுப்பினார், எழுதினது எழுதினபடியே இருந்தது. கவுன்சிலர் குடுவையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே அது வெறும் தண்ணியாக இருந்தது, வெட்கப்பட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வைத்ததும் ரோஸ் வந்தது. குடுவைக்குப் பொட்டு வைத்தார்கள், மாலை போட்டார்கள், எலுமிச்சம்பழமாகக் கொண்டுவந்து குவித்தார்கள்.

"பொட்டு வைங்க, மாலை போடுங்க, எலுமிச்சம்பழத்தை மட்டும் இதுக்கிட்டக் கொண்டுவராதீங்க" என்று அவள் தொண்டை கட்டக் கட்டச் சொன்னாள். "அது அமிலமுங்க. ஒரு சொட்டு உள்ள விழுந்தாப் போதும், மொத்த நிறமும் போயிரும், அப்புறம் நீங்க யாரு ஊதியும் ஒண்ணும் தெரியாது." பழத்தையெல்லாம் அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒரு கூடையில் போட்டுவைக்கச் சொன்னாள்.

நிறம் நின்றுபோனவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் பயபக்தியோடு நடத்தியது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள், பிரியாணிக் கடையில் பெரிய துண்டாகப் போட்டார்கள், பேசாத அண்ணன் தம்பிகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஆட்கள் கூடக்கூட அலுத்துப்போயிற்று. நின்றவரா, சரி, அந்தப் பக்கம் உட்காருங்க என்றார்கள். மருந்து வாங்கிக்கொடுப்பதை நிறுத்தினார்கள், எதுக்கு வீணா. மாவுக்கட்டுப் போட்ட ஒருத்தருக்கு மாவுக்கட்டைப் பிரிக்கவே இல்லை. தையற்காரர் ஒருத்தருக்கு நின்றுவிட்டது. அவர் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து, இன்னொருக்கா ஊதிப் பாக்கறனுங்க டீச்சர், போனதடவை சளி பிடிச்சிருந்துச்சு என்று வரிசையில் நிற்பார். செல்வநாயகி ஸ்ட்ராவைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். உள்ளதைச் சொன்னால் காலில் விழுவேன் என்று நினைத்தவள், உள்ளதைச் சொல்கிற குடுவையைப் பகலெல்லாம் காவல் காத்துவிட்டு, இதைக் கீழே போட்டு உடைத்தால் என்ன என்று தினமும் யோசித்தாள்.

வீட்டில் அவள் வாயே திறக்கவில்லை. ஆனால் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவனுக்கே தெரிந்தது, கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா. ஒருநாள் அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சுக்கு நின்று நின்று, சொன்னார்.

"அம்மணி. என்னையும் கூட்டிட்டுப் போ."

"எங்கீங்க?"

"எங்கன்னு உனக்குத் தெரியும். ஊரே ஊதுது. உன்ற வீட்டுக்காரன் மட்டும் ஊதலைன்னா என்ன நெனைப்பாங்க."

"நெனைச்சுட்டுப் போறாங்க. கஞ்சியைக் குடிங்க."

அவர் டம்ளரை வாங்கவில்லை. "இங்க பாரு. அந்த நிறம் போச்சுன்னா, நீ சொல்ற ஆபரேஷனுக்கு வாரேன். கீறட்டும், கிழிக்கட்டும், படுத்துக்கறேன். போகலைன்னா இந்த மிஷினை நிறுத்திப்போடு. நீ நிறுத்தாட்டி நான் நிறுத்தறேன். அமாவாசை வரைக்கும் இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுக் கெடக்க என்னால ஆகாது. உன்னாலயும் ஆகாது, எனக்குத் தெரியாதா? நீ கரண்ட் போறப்பெல்லாம் எப்படி ஓடியார்றேன்னு நான் பாக்கலையா?"

"மாமா, அந்தப் பேச்சு பேசாதீங்க."

"ஞாயித்துக்கிழமை" என்றார் நாச்சிமுத்து. அப்புறம் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னால் செய்கிற ஆள். கல்யாணத்துக்கு மறுநாள் பீடியை விடுகிறேன் என்று சொன்னவர் அதற்கப்புறம் தொட்டதே இல்லை. செல்வநாயகி அந்த வாரம் முழுக்கப் பைத்தியம் பிடித்தவள் மாதிரி நடமாடினாள். சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், பஸ்ஸில் போக வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் இறங்கினாள். ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு அமிலம் விட்டால் போதும் என்று அவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நினைப்பு வந்ததும், விரலில் கிளிப்பை மாட்டாமல் எண் எழுதின நர்ஸின் கை கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். பொய் சொல்லி அவரைக் கத்திக்கு அனுப்பி, மேஜை மேலேயே போய்விட்டால்? உள்ளதைச் சொல்லி, அவரே கையை நீட்டி மிஷினை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றால்? இரண்டில் எதைச் செய்தாலும் கொன்றவள் நான்தானே என்று நினைத்தாள், நினைத்து நினைத்து ஒன்றும் முடிவாகவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் வலுவான அமிலம், வலுவில்லாத அமிலம் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். சாக்பீஸ் கையிலேயே நொறுங்கிற்று. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் ஊத வர்றாரு" என்றாள். "போகலைன்னா மிஷினை நிறுத்திருவேன்னு சொல்லியிருக்காரு. அவருக்கு மூச்சே இல்லீங்க. குடுவை என்ன குடுவை, கடையில வாங்கின சாதாக் காரத்துல ஊதச் சொன்னாக்கூட அவரு மூச்சுக்கு நிறம் மாறாது. ஆயுசு கெட்டியா இருந்தாலும் மாறாது. அதை அவருகிட்ட யாரு சொல்றது? நான் சொன்னா நம்புவாரா?" சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்து, மாணவர்களுக்கு முன்னால், வாய்விட்டு அழுதாள்.

யாரும் அருகில் வரவில்லை. பிறகு பழனாத்தாள் எழுந்து போய்க் கரும்பலகையில் பாதியில் நின்ற வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டுவிட்டு, "வெசனப்படாதீங்க டீச்சர். மீதியத் திங்கக்கிழமை எடுத்துக்கலாமுங்க" என்றாள். எல்லோரும் சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் ஒரு சிலிண்டரோடு நாச்சிமுத்து வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, நெற்றியில் திருநீறு. நோம்பித் திருவிழாவுக்குக் கிளம்பினவர் மாதிரி செல்வநாயகியை விட்டு உடுத்திவிடச் சொல்லியிருந்தார். சின்னுச்சாமியும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியோடு அவரைத் தூக்கி மாடியேற்றினார்கள். வரிசையில் நின்றவர்கள் கயிற்றை அவிழ்த்து வழிவிட்டார்கள். டீச்சரின் வீட்டுக்காரர் ஊதுகிறார் என்று கடையைச் சாத்திவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள், தையற்காரரும் இருந்தார். குடுவை ஜன்னலோர மேஜையில், மாலைக்கு நடுவில், அன்றைக்குப் பிடித்த மாதிரியே ரோஸாக இருந்தது.

செல்வநாயகி ஸ்ட்ரா பாக்கெட்டைத் தேடினாள், வழக்கமான இடத்தில் இல்லை. அதற்குள் பழனாத்தாள் அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையில் ஒரு ஸ்ட்ராவோடு வந்தாள். செங்குத்தாகப் பிடித்திருந்தாள். மேல் வாயை ஆள்காட்டி விரல் அழுத்தி அடைத்திருந்தது.

செல்வநாயகி அந்த விரலைப் பார்த்தாள். கட்டைவிரல் இல்லை, ஆள்காட்டி விரல், சொட்டு சிந்தாமல், அவள் சொல்லிக்கொடுத்தபடியே. ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேற ஸ்ட்ரா எடுத்துட்டு வா என்று. நாக்கு வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. பழனாத்தாள் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்ட்ராவைக் குடுவைக்குள் இறக்கி, விரலை எடுக்காமலே, "அண்ணா, வாய வைங்க. நான் விட்டவுடனே ஊதோணும்" என்றாள்.

நாச்சிமுத்து மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். பழனாத்தாள் விரலை எடுக்க, அவர் உதடு அந்த இடத்துக்கு வந்தது. ஊதுவதற்கு முதலில் உள்ளே காற்று வேண்டுமே. அவர் தோள் இரண்டும் மேலேறின, கழுத்து நரம்பு புடைத்தது, பிறகு ஒரே ஒரு குமிழி, புளியங்கொட்டை அளவு, குடுவைக்குள் வந்து உடைந்தது. மூச்சால் போகிற நிறம் மெல்ல மெல்ல வெளுக்கும், ஆயிரம் பேர் ஊதி அதை அவள் பார்த்திருக்கிறாள். இது அப்படிப் போகவில்லை. ஸ்ட்ராவின் நுனியிலிருந்து படாரென்று வெளுத்து, கண் இமைப்பதற்குள் குடுவை முழுக்கப் பச்சைத்தண்ணியாக நின்றது.

மாடியிலிருந்து படி வரைக்கும், படியிலிருந்து தெரு வரைக்கும், போயிருச்சு, போயிருச்சு என்று சொல்லிக்கொண்டு போனார்கள். வெள்ளரிக்காய்க்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். சின்னுச்சாமி இல்லாத விரல்களோடு கைதட்டினான், தட்டிக்கொண்டே அழுதான். நாச்சிமுத்து தலையை நிமிர்த்தினார், எல்லோரும் குடுவையைப் பார்த்தார்கள், நிறம் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தார்கள். திரும்பி வரவில்லை. தையற்காரர் முன்னால் வந்து, நான் ஒருக்கா ஊதிப் பாக்கட்டுங்களா என்று ஊதினார். தண்ணியில் குமிழி வந்தது, வேறொன்றும் இல்லை. அவர் ஸ்ட்ராவைத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டு, நீண்ட நேரம் அங்கேயே நின்றார். பிறகு முகம் தெளிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாச்சுங்க என்று சொல்லிக்கொண்டு இறங்கிப்போனார்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. டீச்சர் வீட்டுக்காரருக்காக அது தன்னைக் கொடுத்துவிட்டது என்று ஒரு சாரார் சொன்னார்கள், அதுக்கும் ஒரு ஆயுசு உண்டல்லவா என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். கயிற்றை அவிழ்த்து மாட்டுக்குக் கட்டினார்கள், முதலாளி கேட்டில் ஒட்டினதைக் கிழித்தார், டாக்டர் மறுபடி பரவாயில்லை என்றும் பார்க்கலாம் என்றும் சொல்ல ஆரம்பித்தார். அலமாரிக்கு அந்தப் பக்கத்துக் கூடையில் ஒரு பழம் பாதியாக அறுத்துக் கிடந்ததை யார் பார்த்தார்கள், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது தெரியவில்லை. திங்கட்கிழமை செல்வநாயகி பாதியில் நின்ற வாக்கியத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தாள், பழனாத்தாளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் அது திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆட்டோவில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் மேல் ஆட்டோ மெதுவாகப் போயிற்று. கீழே ஆறு மஞ்சளாக ஓடியது. செல்வநாயகி சிலிண்டரை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் இருந்தாள். திரும்பினால் தன் முகத்தில் எல்லாவற்றையும் படித்துவிடுவார் என்று பயமாக இருந்தது. அவர் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தார், மறுபடி தடவினார்.

"அம்மணி."

"சொல்லுங்க."

"ஊதச் சொன்னீங்க. எனக்கு எங்க ஊத முடியுது. மொதல்ல கொஞ்சம் உள்ள இழுத்துட்டேன்."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"புளிச்சுது" என்றார் நாச்சிமுத்து.

அவள் கையிலிருந்த சிலிண்டர் ஆடியது. அவர் அதைத் தன் கையால் தொட்டு நிறுத்தினார். மூச்சு வாங்குவதற்காகக் கொஞ்சம் இருந்துவிட்டு, "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கற புள்ளைங்களுக்கு" என்றார். அவர் சிரிக்கிறாரா, இளைக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே சத்தமாகத்தான் இருந்தது.

"மாமா..."

"எலுமிச்சம்பழ ரசம் வெச்சு ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு வையி. ஆஸ்பத்திரிக்கு எப்ப வரோணும்னு நாளைக்குப் போன் பண்ணிக் கேளு."

ஆட்டோக்காரரும் ஒரு பக்கம் தோள் கொடுக்க அவரை வாசல்படி ஏற்றினாள். கட்டிலில் உட்கார்ந்ததும் அவர் பிளாஸ்டிக் குழாயை எடுத்து, முறுக்கு விழுந்திருந்ததை நீவிவிட்டு, தன் மூக்கில் தானே சரியாக மாட்டிக்கொண்டார். அவள் அடுப்படிக்குப் போகத் திரும்பினாள். பின்னாலிருந்து சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவரே கையை நீட்டி மிஷினின் சுவிட்சைப் போட்டிருந்தார்.